மடியில் எவ்வளவு?

கோப்பாய்ச் சகோதரி ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று நமக்கு வந்திருக்கின்றது. மூன்றரைப் பக்கம் வழக்கு. அரைப் பக்கம் வினா. சகோதரியாரும், ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் கணவரும், கணவரை இழந்து இவர்களோடு வாழும் மச்சாளும் ஆக மூவர், வருகின்ற தை மாதத்திலே பலாலியில் விமானமேறிச் சென்னை சென்று, அங்கிருந்து சிதம்பரம், கும்பகோணம், மதுரை, பழனி, திருச்செந்தூர் என மூன்று வாரத் தல யாத்திரை செய்ய எண்ணியிருக்கின்றனர். பயணச்சீட்டு எடுத்தாயிற்று. விசா வந்துவிட்டது. பெட்டியும் அரைவாசி அடுக்கியாயிற்று. தீராதது ஒன்றே: கையில் எவ்வளவு காசு கொண்டு போவது?

ஆசிரியரின் கட்சி பழைய கட்சி. மூவருக்கும் மூன்று வாரத்துக்கு இந்திய ரூபாவில் ஒன்றரை லட்சம் செலவாகும் என்று அவர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். அவ்வளவையும் காசாகவே கொண்டு போய் இடுப்பிலே கட்டிக்கொண்டால் எவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை என்பது அவர் துணிபு. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் மகனோ, காசு சுமந்து திரிந்த காலம் மலையேறிவிட்டது, வங்கி அட்டை ஒன்று போதும் என்கிறார். சகோதரியார் இருவருக்கும் நடுவிலே நின்று, "நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று நம்மைக் கேட்கிறார். மச்சாளுடைய கருத்து யாது என்பது கடிதத்தில் இல்லை. அவரை ஒருவரும் கேட்கவில்லைப் போலும். இதற்குப் பின்னர் வருவோம்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற முதுமொழியை மகன் தந்தையாருக்கு எடுத்துக் காட்டினாராம். நல்ல மொழிதான். ஆனால் மடி முற்றாக வெறுமையாய் இருந்தாலும் வழியில் பயம் உண்டு என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

2016 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நாமும் எம் வீட்டாரும் கும்பகோணத்தில் இருந்தோம். சென்னையில் இறங்கிய அன்று நாணயம் மாற்றுங் கடையொன்றில் டொலரைக் கொடுத்துப் பன்னீராயிரம் இந்திய ரூபா பெற்றோம். கடைக்காரர் முழுவதையும் ஐந்நூறும் ஆயிரமுமாக எண்ணித் தந்தார். கட்டு மெல்லியதாக இருக்கின்றதே, பணப்பையும் வீங்கவில்லையே என்று நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியின் ஆயுள் ஒரு நாள். நவம்பர் 8 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை இரவு, கோயிலுக்குப் போய்வந்து விடுதியில் இடியப்பம் உண்டுகொண்டிருந்தபோது தொலைக்காட்சியிலே இந்தியப் பிரதமர் தோன்றி, அன்று நள்ளிரவு தொடக்கம் ஐந்நூறு ரூபாத் தாளும் ஆயிரம் ரூபாத் தாளும் செல்லா என்று அறிவித்தார். பரிமாறிக்கொண்டிருந்த பையன் கையிற் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டான்.

பணப்பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். செல்லக்கூடியவை நூறு ரூபாத் தாள் நான்கு, ஐம்பது ஒன்று, பத்து மூன்று. ஆக இருவருக்கும் 480 ரூபா. மறுநாள் நாடெங்கும் வங்கிகள் திறக்கப்படவில்லை. ஏ.ரி.எம். இயந்திரங்கள் உறங்கின. பெட்டிக்கடியில் இருநூறு அமெரிக்க டொலர் பத்திரமாக இருந்ததுதான். ஆனால் டொலரை வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதற்குச் செல்லுந் தாள் கும்பகோணத்து நாணயமாற்றுக்காரரிடமும் இல்லை. உலகமெல்லாம் மதிக்கும் காசு ஒரு குவளை கோப்பிக்கு ஆகாமற் போன காட்சியை அன்று கண்டோம்.

விடுதிக்காரர் நல்லவர். எம் பெயருக்கு நேரே கணக்கெழுதிக்கொண்டு, "சாமி பார்க்க வந்தவங்க, எங்கே போயிடப் போறீங்க?" என்றார். 10 ஆம் திகதி வங்கி திறந்ததும், கடவுச்சீட்டின் பிரதியையும் படிவத்தையும் ஏந்திக்கொண்டு காலை தொடக்கம் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, அன்றைய வரம்பான நாலாயிரம் ரூபாவை மாற்றினோம். கிடைத்தவை புத்தம் புதிய இரண்டாயிரம் ரூபாத் தாள் இரண்டு. அழகிய இளஞ்சிவப்பு நிறம். ஆனால் ஊரில் எவரும் அதற்குச் சில்லறை தரமுடியவில்லை! அவ்விரண்டையும் விடுதிக்காரரிடமே ஒப்புவித்தோம். எம் கணக்குப் போக மிச்சத்தை அவர் எங்கெங்கோ தேடிப் பத்தும் இருபதுமாகச் சேர்த்துத் தந்தார். இரயில் நிலையச் சீட்டறைகளிற் பழைய தாளைச் சில நாட்களுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டிருந்தபடியால் சென்னை திரும்பச் சீட்டு எடுக்க முடிந்தது. விமான நிலையத்தில் வெளிநாட்டாருக்கென்று விதித்திருந்த ஐயாயிரத்தை மாற்றிக்கொண்டோம். எஞ்சிய ஐந்நூறு ரூபாத் தாள் இரண்டு இன்றும் எம் மேசை இழுப்பறையிலே கிடக்கின்றன.

இதைப் படித்துவிட்டு ஆசிரியர் தம் கட்சியே வென்றது என்று எண்ணலாகாது. எமது கையில் அன்று காசு குறைவாக இருக்கவில்லை. பன்னீராயிரம் இருந்தது. இல்லாதது சின்னத் தாள். எவ்வளவு என்ற வினாவுக்கு முன்னரே, எந்தத் தாளாக என்ற வினா நிற்கின்றது.

மகனுக்கும் ஒரு சொல். அட்டையும் கைத்தொலைபேசியும் மின்சாரத்தின் பிள்ளைகள். 2025 ஆம் ஆண்டு ஏப்ரில் 28 ஆம் திகதி நண்பகலை ஒட்டி ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய இரு நாடுகளிலும் மின்சாரம் ஒருங்கே நின்றது. பல இடங்களில் இரவு வரை வரவில்லை. இரயில்கள் வழியில் நின்றன, கடைகளில் அட்டைப் பொறிகள் செத்தன, ஏ.ரி.எம். இயந்திரங்களும் அவ்வாறே. அன்று பாணும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கியவர்கள் பையிற் காசு வைத்திருந்தவர்கள். இது நூறாண்டுக்கு முன்னர் நடந்ததன் மறுபதிப்பென்றே சொல்லலாம். 1914 ஆவணியில் முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பாவில் உல்லாசப் பயணஞ் செய்துகொண்டிருந்த பல்லாயிரம் அமெரிக்கர்கள், வங்கிகளின் கடனுறுதிக் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பட்டினி கிடக்கும் நிலைக்கு வந்தனர். ஹோட்டல்காரர் கடிதம் வேண்டாம், நாணயமே வேண்டும் என்றனர். இறுதியில் அமெரிக்க அரசாங்கம் டென்னசி என்னும் போர்க்கப்பலிலே பொன்னை ஏற்றி அனுப்பியது. இலண்டனில் அந்தச் செல்வந்த ஏதிலிகளுக்குக் கைகொடுத்தவர்களுள் ஒருவர் அந்நாளிற் சுரங்கப் பொறியியலாளராய் இருந்த ஹேர்பேர்ட் ஹூவர். பின்னர் 1929 இல் அமெரிக்க ஜனாதிபதியானவர்.

கடுதாசியை நம்பிக் கடல் கடப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த வித்தையன்று. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொழும்புச் செட்டியார் தெருவிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில், ஓரிடத்தில் எழுதிய உண்டியலுக்கு மற்றோரிடத்தில் மறுபேச்சின்றிக் காசு எண்ணப்பட்டது. 1891 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பிரயாணிகள் காசோலை என்பதை வெளியிட்டது. அந்நிறுவனத் தலைவர் ஐரோப்பாவிற் பெருநகர்களுக்கு வெளியே தமது கடனுறுதிக் கடிதத்தை மதிப்பாரின்றி அலைந்து வந்த கோபத்திற் பிறந்த யோசனை அது. நம் தந்தையர் காலத்திற் கைகொடுத்த அந்தக் காசோலை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. உண்டியல் என்ற பெயர் மட்டும் நம்மவரிடையே வேறொரு தொழிலுக்கு நிலைத்திருக்கின்றது. சட்டத்துக்குப் புறம்பான அந்த வழியால் யாத்திரைக் காசு அனுப்பலாமா என்று யாரேனும் யோசனை சொன்னால், சகோதரியார் அதைச் செவியில் விழாதது போலிருக்க வேண்டும்.

இன்னொன்று. கையில் எவ்வளவு என்ற கேள்வியே முந்திய தலைமுறைக்கு இருக்கவில்லை. அரசாங்கம் சொன்னதே கணக்கு. பிரித்தானியப் பேரரசின் தலைநகரத்தார்கூட 1966 தொடக்கம் 1970 வரை ஸ்டேர்லிங் வட்டாரத்துக்கு வெளியே உல்லாசப் பயணம் போவதற்கு ஐம்பது பவுணுக்கு மேற் பெறமுடியாதிருந்தனர். நம் நாட்டிலும் 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வரும்வரை ஆட்சி புரிந்தது. இன்று தீர்மானம் நம் கையில் வந்திருக்கின்றது. கோப்பாய் வீட்டில் வழக்கு நடப்பதும் அதனாலேதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆசிரியரும் மகனும் செய்யும் பிழை ஒன்றே என்பது நம் எண்ணம். இருவரும் பயணத்தின் முழுச் செலவை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைக் காசாகக் கொண்டு போவதா அட்டையாகக் கொண்டு போவதா என்று வாதாடுகின்றனர். முழுச் செலவு இங்கே பேச்சன்று. மற்ற வழிகள் யாவும் ஒரே நேரத்தில் அடைபட்டால், ஊரிலிருந்தோ உறவினரிடமிருந்தோ உதவி வந்து சேரும்வரை எவ்வளவு வேண்டும்? அதுவே கையிலிருக்க வேண்டிய குறைந்த தொகை. தொலைந்துபோனால் யாத்திரை முறியாமலும், திரும்பிவந்து கடன் வாங்காமலும் தாங்கக்கூடியது எவ்வளவு? அதுவே கூடிய தொகை. இந்த இரண்டுக்கும் நடுவிலே எங்கே நிற்பது என்பது அவரவர் மனத்திடத்தைப் பொறுத்தது.

கோப்பாய்க் குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கூர் மாறுமாதலால் கணக்குக்காக ஒரு மட்டம் வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் அட்டையும் தொலைபேசியும் உதவாமற் போயின என்க. நடுத்தர விடுதியில் அறைக்கு நாளொன்றுக்கு 2,000 இந்திய ரூபா. இரண்டு அறை, இரண்டு இரவு, 8,000. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 400. மூவருக்கும் இரண்டு நாளைக்கு 2,400. ஓட்டோவுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் 1,000. சென்னையில் உள்ள தெரிந்தவர் வீட்டுக்கோ விமான நிலையத்துக்கோ போய்ச் சேர 3,000. ஆக 14,400. பதினையாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் சொன்ன ஒன்றரை லட்சத்திற் பத்திலொன்று!

அந்தப் பதினையாயிரத்திலே ஐயாயிரமாவது நூறும் ஐம்பதும் இருபதுமாக இருக்கட்டும். அருச்சனைத் தட்டு, பூமாலை, செருப்புக் காவல், ஓட்டோ, இளநீர் ஆகிய செலவுகளெல்லாம் சின்னத் தாளுக்குரியவை. தமிழ்நாட்டில் இன்று இளநீர்க்காரரின் வண்டியிலும் கறுப்புக் கட்டமிட்ட கியூ.ஆர். சதுரம் தொங்குகின்றது, உள்ளூரார் கைத்தொலைபேசியைக் காட்டிவிட்டு நடந்துவிடுகின்றனர். நம்முடைய வங்கி அட்டை அந்தச் சதுரத்தோடு பேசாது. வெளிநாட்டாருக்கென யூ.பி.ஐ. ஏற்பாடொன்று வந்திருப்பது மெய்யே. கடவுச்சீட்டும் விசாவும் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். மகன் விரும்பினால் சென்னையில் அதற்கு வழி செய்யட்டும். ஆனால் ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினால் "சில்லறை இல்லையே" என்ற மறுமொழி முன்னையிலும் அதிகமாகக் கேட்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எல்லோரும் தொலைபேசியாற் கொடுத்தால் கடைக்காரரிடம் சில்லறை எங்கிருந்து சேரும்?

இதற்கு மேல், எவரும் தொடாத சேமமாக முந்நூறு அமெரிக்க டொலர் போதும். தாள்கள் அண்மைக் காலத்தனவாய், கிழிசலும் எழுத்தும் மடிப்புக் கறையும் இல்லாதனவாய் இருக்கட்டும். டொலர் செல்லுபடியாகாமற் போவதில்லையாயினும், பழந்தாளை வாங்குபவர் முகஞ்சுளிப்பதைப் பல நாடுகளிற் கண்டிருக்கிறோம். வங்கியிலே கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டைக் கடவுச்சீட்டோடு வைத்திருப்பது நன்று.

ஏனைய செலவு முழுவதும் அட்டையால் நடக்கட்டும். ஆனால் ஓர் அட்டையன்று. வெவ்வேறு வங்கியின் இரண்டு. வெளிநாட்டிற் பாவிக்க வசதி திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் இரு வங்கிகளிலும் கேட்க வேண்டும். திறக்கச் சொல்லாமல் போய், முதல் இயந்திரத்தின் முன்னே திகைத்து நின்றவர்கள் பலர். மகன் மறந்துபோகக்கூடிய நுட்பம் ஒன்றுண்டு: சில கொடுப்பனவுகளுக்கு வங்கி ஓர் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். அது வந்து சேர்வது நம் ஊர்த் தொலைபேசி எண்ணுக்கு. அந்த எண் இந்தியாவில் உயிரோடிருக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அட்டை கையிலிருந்தும் இல்லாததற்குச் சமம். இயந்திரமோ கடைப் பொறியோ, "உங்கள் நாட்டு நாணயத்திற் கணக்கிடவா?" என்று மரியாதையாகக் கேட்டால், வேண்டாம் என்று அழுத்துக. அந்த மரியாதைக்கு விலை உண்டு.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். ஆசிரியரின் ஒன்றரை லட்சம் இந்தியத் தாளாகப் போகவே முடியாது. 2015 இல் இந்திய ரிசர்வ் வங்கி விதித்தபடி, இலங்கையிலிருந்து செல்லும் நம்போன்றவர் விமான நிலையம் வழியாக நுழையும்போது ஆளுக்கு 25,000 இந்திய ரூபா வரையே கொண்டுவரலாம். அந்தச் சலுகை விமான நிலையத்தால் நுழைவோர்க்கென்று எழுதப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலிற் போக நினைப்பவர்கள் சீட்டு எடுக்குமுன்னரே இதை விசாரிக்கக் கடவர். அந்நியத் தாள் 5,000 டொலருக்கு மேற்பட்டாலும், எல்லாமாக 10,000 டொலருக்கு மேற்பட்டாலும் இந்தியச் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும். நம் நாட்டுத் தாளிலோ ஆளுக்கு 20,000 ரூபாவே கொண்டுபோகவும் கொண்டுவரவும் இடமுண்டு. திரும்பி வந்து பலாலியில் இறங்கிக் கோப்பாய் போகக் காரும் வழியிலே தேநீரும் வேண்டுமே. அதற்கு அளவாக எடுத்து வைத்தாற் போதும்.

இனி, முன்னர் விட்ட இடத்துக்கு வருகிறோம். காசை யார் வைத்திருப்பது?

கடிதத்தில் ஒரு வரி எமக்கு உறுத்தியது. "காசெல்லாம் அவரிடமே இருக்கும், மச்சாள் வயதானவர், அவருக்கு எதற்குச் சள்ளை" என்று சகோதரியார் எழுதியிருக்கிறார். அன்போடு எழுதியதுதான். ஆயினும் 2018 ஆம் ஆண்டு விழுப்புரம் சந்தியிலே நாம் கண்டதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

நாம் வேறோர் இரயிலுக்காகக் காத்திருந்தோம். மேடையிலே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சேலை கட்டிய ஆச்சி ஒருவர் நின்றார். கையில் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல். திருச்சிராப்பள்ளிப் பக்கம் போன வண்டி அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அவர் இரண்டு மூன்று பேரிடம் ஏதோ கேட்க, அவர்களுக்குப் பேச்சு விளங்கவில்லை. எமக்கு விளங்கியது, அது வடமராட்சிப் பேச்சு. தண்ணீர் பிடிக்க இறங்கினாராம். வண்டி நகர்ந்துவிட்டதாம். கணவரும் மற்றையோரும் வண்டியினுள்ளே. தொலைபேசி எண் கேட்டோம். எண் கணவருடைய தொலைபேசிக்குள் இருக்கிறதாம். எந்த ஊரில் எந்த விடுதி என்று கேட்டோம். அதுவும் அவருக்குத்தான் தெரியுமாம்.

"என்ர கையிலை ஒரு சதமும் இல்லைத் தம்பி. எல்லாம் அவரிட்டைதான்."

நிலைய அதிகாரி மனிதத்தன்மை உடையவர். முன்னேயுள்ள நிலையங்களுக்குத் தொலைபேசியிற் பேசினார். விருத்தாசலத்திலே கணவரைக் கண்டுபிடித்து இறக்கினார்கள். அவர் எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வர நான்கு மணி நேரம் சென்றது. அந்த நான்கு மணி நேரமும் நாம் ஆச்சியோடு இருந்தோம். தேநீர் வாங்கிக் கொடுத்தோம், வாங்கவில்லை. இட்டிலிப் பொதியை அருகில் வைத்தோம், தொடவில்லை. பசியில்லையென்றார். வெகுநேரங் கழித்து, திருப்பித் தரக் காசில்லாமல் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லை என்று மெல்லச் சொன்னார். நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியவர், பிள்ளைகளை ஆளாக்கியவர். கணவர் வந்திறங்கியதும் முதலில் அவரிடம் ஐம்பது ரூபா வாங்கி எம்மிடம் நீட்டிவிட்டு, ஆறிப்போன அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தார். நாம் அந்த ஐம்பது ரூபாவை மறுக்காமல் வாங்கிக்கொண்டோம்.

ஆகவே பதினையாயிரத்தையும் மூன்றாகப் பிரிக்க. மச்சாளுக்கும் சரிபங்கு. டொலரும் ஆளுக்கு நூறாக இருக்கட்டும். முன்னாளிலே நம் பாட்டிமார் கொட்டைப்பெட்டியை மடியிற் செருகிக்கொண்டுதான் படலையைத் தாண்டினார்கள். இன்று கொட்டைப்பெட்டி இல்லாவிட்டாற் சேலைத் தலைப்பு இருக்கிறது. முந்நூறு ரூபாவைச் சில்லறையாக முடிந்துகொண்டு, மிச்சத்தை உள்ளே வைக்கத் துணிப்பையொன்று தைத்துக் கொடுப்பது கடினமன்று. கூடவே ஒரு துண்டுக் கடுதாசியில் விடுதியின் பெயர், ஆசிரியரின் தொலைபேசி எண், சென்னை உறவினரின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க. முழுக் காசும் ஒருவர் இடுப்பிலிருந்தால், அந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பவன் மூவரையும் தெருவில் நிறுத்திவிடுவான் என்பதும் ஆசிரியர் சிந்திக்க வேண்டிய விடயம்.

இதே தபாலில் மாணவர் ஒருவரும், மேற்படிப்புக்கு இலண்டன் போக எவ்வளவு பவுண் கையிற் கொண்டு போகலாம் என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். கல்லூரிக் கட்டணத்தைக் காசாகச் சுமப்பது வேண்டாத விஷப்பரீட்சை; அது வங்கி வழியாகவே போகட்டும். பத்தாயிரம் பவுணோ அதற்கு மேலோ கொண்டு போவது குற்றமன்று. அறிவிக்காமற் கொண்டு போவதே குற்றம். ஆனால் அங்கே இடையூறு மறுபக்கத்திலிருந்து வரும். இலண்டன் பஸ்களில் 2014 ஆடி மாதம் தொடக்கம் காசு வாங்குவதில்லை. பை நிறையப் பவுண் இருந்தும் பஸ்ஸில் ஏறமுடியாமல் நிற்பீர். ஆகவே அங்கு வேலை செய்யும் அட்டையொன்று முதலில் வேண்டும். அறை கிடைத்து, வங்கிக் கணக்குத் திறக்கும்வரை இரண்டு கிழமைச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் அவசரத்துக்கும் போதிய காசு அடுத்தபடி. ஐந்தும் பத்தும் இருபதுமான தாள்களாக வாங்குக. ஐம்பது பவுண் தாளைச் சிறுகடைகள் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்க்கும். வீட்டிலே மாமாமார் விட்டுப்போன பழைய கடுதாசிப் பவுண் தாள்கள் இருந்தால் அவற்றை நம்பிப் போக வேண்டாம். கடைசியாக இருபதும் ஐம்பதும் 2022 செப்டெம்பர் 30 ஆம் திகதியோடு வழக்கிலிருந்து நீங்கிவிட்டன. ஆயினும் எறியவும் வேண்டாம். இங்கிலாந்து வங்கி அவற்றை என்றைக்கும் மாற்றித் தரும்.

இந்தியத் தாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சகோதரியாரின் கடிதத்திலே பின்குறிப்பு ஒன்றுண்டு. 2012 இல் போய்வந்தபோது மீந்த ஐந்நூறு ரூபாத் தாள் ஆறு அலுமாரிச் சேலைக்கடியில் இருக்கின்றனவாம். இம்முறை செலவழிக்கலாமா என்று கேட்கிறார். அவை 2016 இலேயே உயிர் நீத்தவை, அம்மா. மாற்றுவதற்குக் கொடுத்த தவணைகளும் கடந்துவிட்டன. அத்தகைய தாளிற் பத்துக்கு மேல் வைத்திருப்பதையே 2017 இல் இந்தியா சட்டத்தினால் தடுத்தது. ஆறென்றபடியால் அஞ்ச வேண்டியதில்லை, ஆனாற் கொண்டு போகவும் வேண்டாம். பின்வந்த இரண்டாயிரம் ரூபாத் தாள் ஏதும் கிடந்தால் அதையும் கடையில் நீட்ட வேண்டாம்; 2023 வைகாசியில் மீளப்பெற அறிவித்து, பின்னர் ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களிலேதான் மாற்றலாம் என்றாக்கிவிட்டனர்.

மூவாயிரம் ரூபா போனது மனவருத்தந்தான். பேரப்பிள்ளைகள் கடை வைத்து விளையாடும்போது அவற்றைக் கொடுத்துவிடலாம். எமது இழுப்பறையிலுள்ள இரண்டையும் வேண்டுமானால் சேர்த்து அனுப்பிவைக்கிறோம்.